கடலைப் பார்க்கும் முன் தொட்டியைப் பாருங்கள்: குளுவாங்கிலிருந்து தியோமான்

நாள் 1: குளுவாங்

தீபாவளி லீவில் தியோமான் தீவுக்குப் போகலாமா என்று தோட்டத்துப் பக்கமிருந்து வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். வேண்டாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று. அலை ஏறினால் ஃபெரி குறையும், சில நாள் ஓடவே ஓடாது, தங்கும் இடங்கள் பலவும் கதவடைத்திருக்கும். மார்ச் முதல் அக்டோபர் வரைதான் தீவுக்குக் காலம். அதிலும் பள்ளி விடுமுறையோடு சேர்ந்த வாரக்கடைசியைத் தவிர்த்து, வாரத்தின் நடு நாள்களில் போவது நல்லது. கூட்டம் குறைவு என்பது மட்டும் காரணமில்லை. முக்கியமான காரணம் தங்குமிடங்களின் கழிவுநீர்த் தொட்டி; அது மூன்றாம் நாள் குறிப்பில் வரும்.

ஜொகூரின் குளுவாங், காஹாங், பாலோ பக்கத்திலிருந்து வேன் பிடித்துக் கிளம்பும் குடும்பங்களுக்காக இதை நாள்வாரியாக எழுதுகிறோம். முதல் நாள் வேலை மூட்டை கட்டுவது. தீவுக்கு ஏற்றிப்போகும் ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் அங்கேயே எரிய வேண்டும், புதைய வேண்டும், அல்லது படகேறித் திரும்ப வேண்டும். நான்காவது வழி கடல்.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். ஐந்து பேர், மூன்று நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் என்றால் 30 லிட்டர். அரை லிட்டர் போத்தலாக வாங்கினால் 60 காலி போத்தல். அதையே 10 லிட்டர் தோங் இரண்டில் கொண்டுபோய், ஒன்றை மட்டும் அங்கே ஒரு தடவை நிரப்பினால் குப்பை பூஜ்ஜியம். முதல் வேளைச் சோற்றை டிபன் கேரியரில் கட்டுங்கள். புளிச்சோறும் அவித்த முட்டையும் மதியம் வரை தாங்கும், போலிஸ்திரீன் பெட்டி தேவையில்லை. கைக்குழந்தை இருந்தால் இறுக்கமான மூடியுள்ள வாளி ஒன்று அவசியம்; பாம்பர்ஸும் வெட் டிஸ்யூவும் அதில்தான் ஊர் திரும்ப வேண்டும். வெட் டிஸ்யூவைக் கழிவறையில் போட்டால் என்ன ஆகும் என்பதையும் மூன்றாம் நாளில் சொல்கிறோம்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்று இருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். பசிபிக்கில் இருக்கும் பலாவ் நாடு பவளத்துக்குக் கெடுதல் என்று இவற்றை 2020 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. எங்களைக் கேட்டால், எந்தக் களிம்பையும்விட நீளக்கை நீச்சல் சட்டை மேல். பருத்திச் சுடிதாரோடும் துப்பட்டாவோடும் கடலில் இறங்குவதை விட்டுவிடுங்கள். நனைந்த துணி ஆளைக் கீழே இழுக்கும், கால் பவளத்தைத் தேடும்.

நாள் 2: மெர்சிங் வழி

குளுவாங்கிலிருந்து 50-ஆம் எண் சாலை. காஹாங் தாண்டி ஜெமாலுவாங் சந்தியில் வடக்கே திரும்பினால் மெர்சிங். காஹாங்கில் நிறுத்திப் பசியாறினாலும் இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம்தான். ஆனால் மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது. கடல் நீர் ஏற்றம் வந்தால்தான் ஃபெரி வெளியேற முடியும் என்பதால் நேரம் நாளுக்கு நாள் மாறும். போன வாரம் போனவர் சொன்ன மணிக்கணக்கை நம்பாமல், பயணத்துக்கு முந்தைய நாள் மாலை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஜெட்டியில் கடல் பூங்காக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். ரொக்கமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

வழியெல்லாம் செம்பனை. மறுநடவுக்கு மரம் சாய்த்த குன்றுகளில் செம்மண் திறந்து கிடக்கும். மூடுபயிர் விதைப்பதும் மண் பிடிக்கும் குழி வெட்டுவதும் எதற்கு என்று தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை: உரத்தையும் மண்ணையும் மழை அடித்துக்கொண்டு போகக்கூடாது. போய்விட்டால் அது ஆற்றோடு நிற்காது. கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது. பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி வெளிச்சம் இல்லாமல் சோறாக்காது. கரையோரத் தீவுகளின் கடல் தியோமானைவிட மங்கலாக இருப்பதில் ஆற்று வண்டலுக்குப் பங்குண்டு.

ஃபெரி கெந்திங், பாயா, தேக்கேக், ஆயர் பாத்தாங், சாலாங் என்ற வரிசையில் ஆளை இறக்கும். எந்தக் கம்பம், அதாவது எந்தக் கிராமம், என்று தெரியாமல் ஏறினால் ஊழியர் அதட்டுவார், தப்பில்லை. ஜுவாராவும் முக்குட்டும் இந்த வரிசையில் வராது.

நிர்வாகக் கணக்கு ஒன்றும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். மெர்சிங் ஜொகூரில் இருக்கிறது, தியோமான் பகாங்கில். தீவின் நிலம் மாநில அரசின் கையில். 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் 1994-இல் அறிவிக்கப்பட்ட கடல் பூங்கா, நீர் வற்றும் எல்லையிலிருந்து 2 கடல் மைல், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர் தூரத்துக்கு மத்திய அரசின் கையில். மீன் பிடிக்கக்கூடாது, பவளமும் சிப்பியும் எடுக்கக்கூடாது என்ற விதியெல்லாம் அந்த நீருக்கு. கழிவுநீர் மட்டும் மாநிலத்து மண்ணில் பிறந்து மணல் வழியாக மத்திய அரசின் கடலுக்குப் போய்ச் சேர்கிறது. தொட்டிக்கு அனுமதி தருகிறவர் ஒருவர், பவளம் செத்தால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இன்னொருவர். தீவு நிர்வாகத்தின் பாதிச் சிக்கல் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

நாள் 3: தொட்டி

தங்கிய இடத்தின் பின்பக்கம் போய்ப் பார்க்கும் சுற்றுலாப் பயணி அபூர்வம். கேட்டால் காட்டுவார்கள், சிலர் சந்தோஷமாகவே காட்டுவார்கள்.

செப்டிக் தொட்டியில் இரண்டு அறை இருக்க வேண்டும். முதல் அறையில் கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெயும் சோப்பும் மேலே ஆடை கட்டும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். அந்த நடு நீரை மட்டும் எடுப்பதற்குத்தான் ‘டி’ வடிவக் குழாய். அது உடைந்தால் மேலாடை நேராக வெளியே போகும். மூடியைத் திறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குழாயைத்தான்.

சேற்றை அளக்க மீட்டர் வேண்டாம். நீளமான கழியின் அடியில் வெள்ளைத் துண்டு ஒன்றை இறுக்கிச் சுற்றி, அடி தட்டும் வரை இறக்கி, சில நிமிடம் வைத்து, மெதுவாக உருவ வேண்டும். துண்டில் சேறு ஒட்டிய பகுதி கறுத்திருக்கும், மேலே நீர் பட்ட பகுதி சாம்பல் நிறம். நாங்கள் பார்த்த தொட்டியில் நீர் ஆழம் ஒன்றரை மீட்டர், கறுப்பு 60 சென்டிமீட்டர். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அள்ளியே ஆக வேண்டும். இங்கே 40 விழுக்காடு.

வேனில் வந்தவர்களில் எண்ணெய் ஆலையில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம மில்லு குளம் மாதிரிதானே தம்பி இது?” என்றார். அதேதான். செம்பனை ஆலைக் கழிவுநீரின் பி.ஓ.டி. அளவு, அதாவது அழுக்கைச் செரிக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன், லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். அதை வாரக்கணக்கில் குளம் குளமாக நிறுத்தி வைத்து, கிருமிகளுக்கு வேலை செய்ய அவகாசம் கொடுத்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் ஆற்றில் மீன் மிதக்கும். ஆலையில் குளத்துக்குக் கொடுக்கும் அந்த அவகாசம்தான் தீவில் தொட்டிக்குக் கிடைப்பதில்லை.

கணக்குப் போடுவோம். மலேசியக் கழிவுநீர் வழிகாட்டியில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர். 30 படுக்கை உள்ள இடத்துக்கு 6,750 லிட்டர். நீர் ஒரு நாளாவது தொட்டியில் தங்கித் தெளிய வேண்டும், சேற்றுக்குத் தனியாக இடம் வேண்டும். விடுமுறைக் கூட்டத்தில் தரையில் மெத்தை போட்டு 60 பேரைப் படுக்க வைத்தால் அதே தொட்டியில் நீர் அரை நாள்தான் தங்கும். சேறு வேறு இடத்தைப் பிடித்திருந்தால் இன்னும் குறையும். தெளியாத நீர், தொட்டி நீரை மண்ணுக்குள் இறக்கும் ஊறுகுழிக்குப் போகும். கடற்கரை மணல் நீரை வேகமாக இறக்கிவிடும், வடிகட்ட நேரமே இராது. வருஷத்தின் மொத்தப் பயணிகளை மாதக்கணக்கில் பரப்பினால் தாங்கும் தொட்டி, ஒரே வாரக்கடைசியில் உடைவது இப்படித்தான். வாரத்தின் நடுவில் போங்கள் என்று சொன்னதன் காரணமும் இதுவே.

கெடுப்பது கூட்டம் மட்டுமல்ல. குளோரோக்ஸை வாளி வாளியாக ஊற்றிக் கழிவறை கழுவினால் தொட்டிக் கிருமிகள் செத்து, சேறு செரிக்காமல் ஏறும். வெட் டிஸ்யூ மக்காது. ‘டி’ குழாய் வாயில் கயிறு திரித்ததுபோல் சுற்றிக்கொள்ளும். சமையல்கூட எண்ணெய் குழாயில் உறையும். அதற்குத் தனியாக எண்ணெய்ப் பொறி வைத்து, மேலாடையை அடிக்கடி வழித்தெடுக்க வேண்டும். பொறி வைத்துவிட்டு வழிக்காமல் விட்டால் அது வெறும் நாற்றப்பெட்டி.

சரி, அள்ளினால் முடிந்ததே என்று தோன்றும். தேக்கேக்கிலிருந்து மலையேறி ஜுவாராவுக்குப் போகும் சாலையை விட்டால், கம்பங்களுக்கிடையே பெரும்பாலும் படகும் நடைபாதையும்தான். கழிவு அள்ளும் லாரி எப்படிப் போகும்? சேற்றைத் தட்டைப் படகில் ஏற்ற வேண்டும், அல்லது ஓடையை விட்டுத் தள்ளி மணல் பாத்தி கட்டிக் காய வைக்க வேண்டும். இரண்டும் செலவு. வருமானம் இல்லாத பருவமழைக் காலத்தில் கையில் நேரம் இருக்கும், கடலில் படகு ஓடாது. கூட்டமான மாதங்களில் படகு ஓடும், நேரமும் மனசும் இராது. ஆகவே தள்ளிப் போடுகிறார்கள்.

ஒழுங்காக நடக்கும் தொட்டியும் நைட்ரஜனை நீக்காது. பவளம் சத்தில்லாத நீரில் வாழப் பழகிய உயிர். சத்து சேர்ந்தால் பவளத்தின் மேல் படரும் பாசி முந்திக்கொள்ளும். ஊறுகுழிக்கு அப்பால் கல்வாழையும் கோரையும் நட்ட சிறு பாத்தி வழியாக நீரை விட்டால் ஓரளவு குறையும். அதற்கு மேல் ஒரே வழி, படுக்கைகளுக்கு எல்லை வைப்பது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவு பயணிகளுக்கு 400 படுக்கைதான் என்று நிர்ணயித்திருக்கிறது. சபாவின் சிப்பாடானில் வேறு வழி எடுத்தார்கள். 2004 இறுதியோடு தங்கும் விடுதிகளைத் தீவிலிருந்து வெளியேற்றிவிட்டு, நாளொன்றுக்கு 120 பேருக்கு மட்டும் முக்குளிப்பு அனுமதி என்று வைத்தார்கள். பிறகு அந்த எண்ணிக்கை கூடியது. சிப்பாடான் மண் மூச்சு விட்டது உண்மை. ஆனால் கூட்டம் பக்கத்து மாபுலுக்கு நகர்ந்தது, கழிவும் கூடவே நகர்ந்தது. படுக்கையை எண்ணுவதே நேர்மையான கணக்கு என்பது எங்கள் முடிவு. கடற்கரையில் எத்தனை பாய் விரிக்கலாம் என்று அளந்து கொள்ளளவு சொல்லும் அறிக்கைகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

நாள் 4: கயிறும் துடுப்பும்

காலையில் தேக்கேக் எதிரே உள்ள ரெங்கிஸ் குட்டித்தீவு, பிறகு வடக்கே துலாய் தீவு. படகுக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: நங்கூரமா, மிதவையா? கிளைப் பவளம் நன்றாக வளரும் இடத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான். நங்கூரம் ஒரு முறை இழுபட்டால் போவது எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மிதவை எளிய பொருள், ஆனால் பழுதாக நிறைய வழி உண்டு. அடியில் பவளமில்லாத மணல் திட்டில் கான்கிரீட் பாளம், அதில் சங்கிலி, சங்கிலியைக் கயிறோடு பிணைக்கும் ஷாக்கிள், மேலே மிதவை, மிதவையிலிருந்து படகு எடுத்துக் கட்டும் சிறு கயிறு. கயிறு குட்டையாக இருந்தால் ஏற்றத்தில் அலை தூக்கும்போது பாளமே எழும்பும். நீளமாக இருந்தால் வற்றத்தில் சங்கிலி தரையில் வட்டமடித்து, சுற்றிலும் பவளத்தை மழித்துவிடும். நடுவில் நீருக்குள்ளேயே இன்னொரு சிறு மிதவை கட்டினால் சங்கிலி தரையைத் தொடாமல் தூக்கி நிற்கும். ஷாக்கிள் ஆணி அலையில் தானாகக் கழலும், கம்பியோ கட்டுப்பட்டையோ போட்டு இறுக்க வேண்டும். இரும்பு ஷாக்கிளில் வேறு உலோகக் கம்பி போட்டால் உப்பு நீரில் ஒன்று மற்றதைத் தின்னும். ஒரு மிதவையில் நான்கைந்து படகு தொடுத்துக் கட்டுவதுதான் அடிக்கடி பார்க்கும் தப்பு. ஒரு படகுக்குக் கணக்குப் போட்ட பாளம் நாலு படகின் இழுப்பில் நகரும்.

தீவு இளைஞர்களே பயிற்சி பெற்று இந்த மிதவைகளைப் பராமரிப்பதும், சிக்கிய வலைகளை அறுத்தெடுப்பதும் தியோமானில் நடக்கிறது. ரீஃப் செக் மலேசியா அமைப்பின் ‘சிந்தாய் தியோமான்’ திட்டமும், உள்ளூர்க்காரர்களின் தியோமான் கடல் பாதுகாப்புக் குழுவும் இந்த வேலையில் இருக்கின்றன. வெளியூர்த் தன்னார்வலர் ஒரு நாள் வந்து படம் எடுத்துப் போவதைவிட இது பத்து மடங்கு உபயோகம்.

நீரில் இறங்குகிறவர்களுக்கு: இடுப்பளவு நீரில் கண்ணாடியும் குழாயும் பழகிவிட்டுத்தான் பவளத்துக்கு மேலே போங்கள். கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் ஆள் பதறி எழுந்து நிற்பார். நிற்கும் இடம் பவளம். மல்லாந்து படுத்தால் லைஃப் ஜாக்கெட் தாங்கும், அந்தப் பழக்கத்தை முதலிலேயே கொடுத்துவிட்டால் யாரும் கால் ஊன்ற மாட்டார்கள். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். பாசி மேயும் மீன் ரொட்டிக்குப் பழகினால் பாசியை யார் மேய்வது? கோடு போட்ட சார்ஜென்ட் மீன்கள் கூட்டமாக வந்து விரலையும் கடிக்கும்.

முள்முடி நட்சத்திர மீனைக் கண்டால் தொடாமல் படகுக்காரரிடம் இடத்தைச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஐந்தாறு சதுர மீட்டர் பவளத்தைத் தின்னக்கூடியது. வெட்டிப் போட்டால் துண்டு மறுபடி வளரலாம். பழகியவர்கள் இடுக்கியால் எடுத்துக் கரையில் புதைப்பார்கள், அல்லது ஊசியால் வினிகர் செலுத்துவார்கள். முள் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைத்திருங்கள், விஷத்தின் வலி அடங்கும், பிறகு கிளினிக்.

வெளுத்த பவளத்தைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஓரிரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுக்கும். சூடு தணிந்தால் மீளவும் கூடும். 1998, 2010, 2024 ஆகிய ஆண்டுகளில் உலகம் முழுவதும் நடந்தது. 2010-இல் மலேசியாவில் பல முக்குளிப்பு இடங்களைச் சில மாதம் மூடினார்கள். கடலின் சூட்டைத் தியோமான் குறைக்க முடியாது. மூடுவதால் குறைவது மற்ற தொல்லை: முக்குளிப்பவர் காலில் மாட்டும் துடுப்பின் அடி, நங்கூரம், மணல் கிளறல். காய்ச்சலில் கிடப்பவரை வேலைக்கு இழுக்காமல் விடுவது மாதிரி.

நாள் 5: ஜுவாரா

தேக்கேக்கிலிருந்து நான்கு சக்கர இயக்க வண்டியில் மலை தாண்டலாம். நடந்தால் காட்டுப் பாதையில் சுமார் 7 கிலோமீட்டர், குழந்தைகளோடு மூன்று மணி நேரம் வையுங்கள். குரங்குக்குத் தெரியும்படி பொட்டலம் தூக்காதீர்கள்.

இங்கே ஜுவாரா ஆமைத் திட்டம் 2006 முதல் நடக்கிறது. பச்சை ஆமையும் அழுங்காமையும் முட்டையிடும் கரை. பச்சை ஆமை ஒரு குழியில் நூற்றுக்குப் பக்கம் முட்டையிடும், பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம். திருட்டும் அலையும் உள்ள இடத்திலிருந்து முட்டையைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவதென்றால் இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். பிறகு கரு ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் செத்துவிடும். அதனால்தான் விடியற்காலையிலேயே கரையை நடந்து பார்க்கிறார்கள். மணலின் சூடு ஏறக்குறைய 29 டிகிரிக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும், கீழே ஆண். நிழல்வலை கட்டுவது வெயில் தாங்காமல் இல்லை, இந்தக் கணக்குக்காக.

குஞ்சுகளை வாளியில் பகல் வரை வைத்திருந்து, பயணிகள் காசு கொடுத்துக் கடலில் விடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பார்க்க அழகு, குஞ்சுக்குக் கேடு. பொரிந்த குஞ்சின் உடம்பில் இருக்கும் மஞ்சள் கரு மிச்சம்தான் கரையோர ஆபத்தைத் தாண்டி ஆழ்கடல் வரை விடாமல் நீந்துவதற்கான எரிபொருள். வாளியிலேயே அது கரைந்துவிட்டால் பிறகு எதை வைத்து நீந்தும்? இரவில், பொரிந்த உடனே, மணலில் ஊர்ந்து போக விடும் இடத்தில் மட்டும் பாருங்கள். போன் வெளிச்சம் வேண்டாம். முட்டையிடும் ஆமைக்கு முன்பக்கம் போகாதீர்கள்.

திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கரையில் 1950-களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 தோணியாமைக் கூடுகள் இருந்தன. முட்டையை அள்ளி விற்றதும் வலையில் மாட்டியதும் சேர்ந்து இன்று அங்கே அந்த ஆமை வருவதே இல்லை என்ற நிலை. ஆமை முட்டை வியாபாரத்தைத் திரெங்கானு முழுமையாகத் தடை செய்தது 2022-இல்தான்.

நாள் 6: தேக்கேக், திரும்பல்

தியோமான் 2002 முதல் வரியில்லாத் தீவு. மது மலிவு, ஆகவே கண்ணாடிப் போத்தல் மலை. கண்ணாடி எரியாது, படகில் ஏற்றினால் எடை அதிகம், பெரும்நிலத்தில் கிடைக்கும் விலையோ சொற்பம். அதனால் இங்கே அரவை இயந்திரத்தில் அரைத்து மணலாக்கி, கட்டட வேலைக்குப் பயன்படுத்தும் முயற்சி நடக்கிறது. அரைக்கும் முன் மூடியும் உலோக வளையமும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அரைவைத் தகடு சீக்கிரம் தேயும். போத்தலைக் கழுவி, மூடியைத் தனியாகப் போட்டுக் கொடுப்பதுதான் பயணி செய்யக்கூடிய உதவி.

அலுமினிய டின்களை நசுக்கி வேனில் ஏற்றுங்கள், குளுவாங் பழைய சாமான் கடையில் எடைக்கு எடுப்பார்கள். பாட்டரியையும் காலி களிம்பு டியூபையும் தீவில் விடாதீர்கள்.

அடுத்த பருவத்துக்கு இப்போதே பதிகிறவர்களுக்கு ஒரு தகவல். மார்ச் முதல் வாரத்தில் கட்டணம் மலிவாக இருக்கும், ஆனால் பருவமழை அலையில் அறுந்த மிதவைக் கயிறுகள் எல்லாம் அதற்குள் மாற்றப்பட்டிருக்காது. அந்த வாரம் போனால், மிதவை இல்லாத இடத்தில் படகை மணல் திட்டில் நிறுத்தி நீந்திப் போகச் சம்மதமா என்று படகுக்காரரிடம் முன்பணம் கட்டும் முன்னே கேட்டுவிடுங்கள்.